டீச்சரிடம் கேளுங்கள்: பிள்ளையை மூன்று மணிக்கு எழுப்பலாமா?

போன இதழில் பரீட்சைக் காலத் தூக்கம் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் தூக்கத்துக்கே கொடுத்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

டீச்சர், மகள் தரம் 11, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகள்தானே, இரவு பத்து மணிவரை சத்தம் அடங்காது. அதனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து உட்கார வைக்கிறேன். அந்த நேரத்தில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று எங்கள் அம்மா காலத்திலிருந்தே சொல்வார்கள். ஆனால் முதல்நாள் படித்ததே ஞாபகம் இல்லை என்று அழுகிறாள். நான் செய்வது சரியா? (ஒரு தாய், தலவாக்கலை)

அக்கா, மூன்று மணிக்கு அவளை எழுப்ப நீங்கள் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான், குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்து, அடுப்பை மூட்டி, நான் புத்தகத்தின் மேல் தலை சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டே ரொட்டி தட்டிவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்கு ஓடுவார். அந்த அக்கறையில் ஒரு குறையும் இல்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். தூக்கம் இரவு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன்னுடைய சின்ன மகனைக்கூட ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் மின்வாய்களை ஒட்டி, இரவிரவாகப் பதிந்து பார்த்தார். தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள்ளே அங்குமிங்கும் வேகமாக ஓடுகிற நேரங்கள் இருந்தன. அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டதாகச் சொன்னார்கள். அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியல் க்ளைட்மனும் இதை 1953இல் வெளியிட்டார்கள். விரைவான கண் அசைவுத் தூக்கம் என்று பாடப்புத்தகம் சொல்லும், நாம் சுருக்கமாக ரெம் தூக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

இரவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் வரும், ஆனால் அளவு மாறிக்கொண்டே போகும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் நிறைய, ரெம் சில நிமிடம்தான். விடியப் போகும் நேரத்தில் ஆழ்ந்த தூக்கம் அநேகமாக முடிந்திருக்கும், ரெம் மட்டும் ஒரே தடவையில் அரை மணி நேரம்கூட நீளும். இப்போது உங்கள் மகளுடைய இரவைப் பாருங்கள். பத்து மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழும்பினால் ஆழ்ந்த தூக்கத்தின் பெரிய பங்கு அவளுக்குக் கிடைத்துவிடுகிறது, ரெம் தூக்கத்தின் பெரிய பங்கு போய்விடுகிறது. அது மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் வரவேண்டியது, அந்த நேரம் பார்த்து நாம் எழுப்பிவிடுகிறோம்.

அது போனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். பகலில் படித்தது முதலில் மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்ற இடத்தில் அவசரத்துக்குப் பதிந்து வைத்த மாதிரி இருக்கிறது. தூங்கும்போது மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்துகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் இது பெரிய மெதுவான அலைகளோடு நடக்கிறது, ரெம் தூக்கத்தில் வேறு ஒரு தாளத்தோடு. (அந்தத் தாளத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் ஒரு தம்பி அழகாகக் கேட்டிருக்கிறார், அங்கே விரிவாகச் சொல்கிறேன்.) இரண்டும் வேண்டும். 1997இல் ஜெர்மனியில் ப்ளிஹால், போர்ன் என்ற இருவர் ஆட்களை முன்னிரவுத் தூக்கம், பின்னிரவுத் தூக்கம் என்று பிரித்துத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். சோடி சோடியாகச் சொற்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு முன்னிரவுத் தூக்கம் கூடுதலாக உதவியது. கண்ணாடியில் பார்த்தபடி ஓர் உருவத்தின் மேல் கோடு இழுக்கப் பழகியவர்களுக்குப் பின்னிரவுத் தூக்கம் கூடுதலாக உதவியது. அப்படியென்றால் வரலாற்றுப் பாடத்துக்கு முன்னிரவு போதும்தானே என்று கணக்குப் போடவேண்டாம். பரீட்சையில் வெறும் சொற்சோடியைக் கேட்பதில்லை, படித்ததைப் புதிய கணக்குக்குப் பொருத்தத் தெரிய வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், கை ஓட வேண்டும். அரைநாள் கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கினால் அரைப்பேர்தானே, அரைநாள் சம்பளம்தானே கிடைக்கும், மூன்று மணிக்கு எழும்பும் பிள்ளையின் நிலைமையும் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பிந்தி ஓடும், இரவில் தூக்கம் பிந்தி வரும், காலையில் பிந்தித்தான் தெளியும். அது சோம்பல் கிடையாது. 13 வயதிலிருந்து 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் மகளுக்கு ஐந்துதான் கிடைக்கிறது. அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், தூக்கம் குறைந்த பிள்ளை எளிதில் அழுதுவிடும் அக்கா, அதற்காக அவளைத் திட்ட வேண்டாம்.

அப்படியானால் "விடியற்காலையில் படித்தால் ஏறும்" என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா? இல்லை. அந்தக் காலத்தில் லயத்தில் ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவார்கள். எட்டு மணிக்குப் படுத்தவர் நாலு மணிக்கு எழும்பினால் எட்டு மணி நேரம் தூங்கியாகிவிட்டது, ஊரும் அமைதி, மண்டையும் தெளிவு, படித்தது ஏறத்தானே செய்யும். இப்போது படுக்கும் நேரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் போய்விட்டது, எழுப்பும் நேரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டபின் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை படிக்கட்டும், கடினமான பாடத்தை அப்போதே முடிக்கட்டும். ஒன்பது, ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும், ஐந்து ஐந்தரைக்கு எழும்பினால் போதும். லயத்துச் சத்தம்தான் பெரிய பிரச்சினை என்று எனக்கும் தெரியும், கூரைக்குக் கீழே சுவர் முட்டாமல் நிற்கிற காம்பராக்களில் மூன்றாவது வீட்டு டிவி நம் தலைமாட்டில் கேட்கும். எங்கள் லயத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாமார் நாலு பேர் சேர்ந்து வீடு வீடாகப் போய், பரீட்சை முடியும்வரை ஒன்பது மணிக்கு மேல் சத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்டார்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் சண்டை வரும், நாலு பேர் போனதால் கேட்டார்கள். அப்புறம் அந்தச் சாயத்தண்ணி: தேயிலையில் இருக்கும் கஃபீன், தூக்கக் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் வேலையை மூளையில் தடுக்கிறது, குடித்து ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். காலையில் தாராளமாகக் கொடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம்.

டீச்சர், நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. ரெம் தூக்கத்தில் மூளையில் "தீட்டா" என்ற தாளம் வருகிறது, அதுதான் ஞாபகத்தை உறுதியாக்குகிறது என்று வாசித்தேன். தூக்கம் உதவுகிறதா, அந்தத் தாளம் உதவுகிறதா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள்? இன்னொன்று, யூடியூபில் தீட்டா இசை என்று எட்டு மணி நேர வீடியோக்கள் இருக்கின்றன. இரவில் காதில் மாட்டிக்கொண்டு படுத்தால் ஞாபகம் கூடுமா? (ஒரு மாணவன், பண்டாரவளை)

தம்பி, உங்கள் முதல் கேள்வியை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது, ஏனென்றால் விஞ்ஞானிகள் பல வருடமாக மல்லுக்கட்டிய இடமே அதுதான்.

முதலில் தாளம் எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்போம். ஹிப்போகாம்பஸ் காதுகளுக்கு நேரே உள்ளே, மூளையின் இரண்டு பக்கமும் வளைந்து கிடக்கிற பகுதி. எந்த இடத்தில் என்ன நடந்தது என்ற ஞாபகத்துக்கு அது இல்லாமல் முடியாது. எலி நடந்து திரிந்து இடத்தை ஆராயும்போது அதன் ஹிப்போகாம்பஸில் நரம்புக்கலங்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் ஏறி இறங்கும், வினாடிக்கு ஏறக்குறைய 6 முதல் 10 தடவை. அதே தாளம் எலி அசையாமல் ரெம் தூக்கத்தில் கிடக்கும்போதும் ஓடுகிறது. உடம்பு தளர்ந்து கிடக்கிறது, மூளை மட்டும் ஓடித் திரிகிற மாதிரி. இதனால்தான் பிரான்சில் மிஷேல் ஷூவே இந்தத் தூக்கத்துக்கு முரண்பாட்டுத் தூக்கம் என்று பெயர் வைத்தார். தாளத்தை நடத்துவது மீடியல் செப்டம் என்ற சின்னப் பகுதி, அங்கே காபா என்ற இரசாயனத்தை வெளிவிடும் நரம்புக்கலங்கள் இருக்கின்றன. கூத்தில் தப்புக்காரர் அடிக்கிற அடிக்கு மொத்தக் கூட்டமும் காலெடுத்து வைக்கிறதில்லையா, அந்தத் தப்புக்காரருடைய இடம் இந்தக் கலங்களுக்கு.

சரி, தாளம் இருக்கிறது, அதனால் என்ன? அது சும்மா கூட வருகிற ஒன்றாகவும் இருக்கலாமே. பழைய சோதனைகளில் எலியை ரெம் தூங்கவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள். தண்ணீருக்கு நடுவில் சின்ன மேடை, அதன் மேல் எலி. ரெம் தூக்கம் வந்தால் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடும், எலி சரிந்து தண்ணீரில் விழுந்து விழித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட எலிகள் படித்ததை மறந்தன. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில் விழுந்து விழுந்து எழும்பிய எலிக்கு மறதி வந்தது ரெம் இல்லாததாலா, பயத்தாலும் களைப்பாலுமா? யாரால் சொல்ல முடியும்? இந்தக் குறை ரொம்ப நாள் இருந்தது.

2016இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பாய்ஸ், சில்வென் வில்லியம்ஸ் குழுவும், சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்துவான் அடமன்டிடிஸும் சேர்ந்து சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுண்டெலியின் மீடியல் செப்டத்தில் இருக்கும் அந்தக் காபா கலங்கள் மட்டும் ஒளிபட்டால் அடங்கிப்போகும்படி மரபணு வழியாக மாற்றி, மெல்லிய ஒளியிழை ஒன்றை உள்ளே வைத்தார்கள். சுண்டெலிக்குப் பாடம் நடத்தி, பின்பு தூங்கவிட்டு, ரெம் தூக்கம் வந்ததும் ஒளியைப் போடுவார்கள், ரெம் முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். ஒளி பட்டதும் தீட்டா தாளம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சுண்டெலி விழிக்கவில்லை, தூக்கம் கலையவில்லை, ரெம் ரெம்மாகவே ஓடியது. நீங்கள் கேட்ட பிரிப்பு இதுதான் தம்பி, தூக்கத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் உருவி எடுத்தார்கள்.

அடுத்த நாள் சோதித்தார்கள். பெட்டிக்குள் இரண்டு பொருள்கள், அதில் ஒன்றை இடம் மாற்றி வைத்தால் ஞாபகம் உள்ள சுண்டெலி இடம் மாறியதைத்தான் கூடுதலாகப் போய் முகர்ந்து பார்க்கும். தீட்டா குறைக்கப்பட்ட சுண்டெலிக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. இன்னொரு சோதனையில், முன்பு காலில் இலேசான மின்னதிர்ச்சி கிடைத்த பெட்டிக்குள் திரும்ப வைத்தார்கள். மற்றச் சுண்டெலிகள் பயந்து உறைந்து நின்றன, இவை அவ்வளவாக உறையவில்லை. ஆனால் அதிர்ச்சிக்கு முன்னால் கேட்ட ஒலியை மட்டும் வேறு இடத்தில் கேட்கச் செய்தபோது இவையும் ஒழுங்காகவே பயந்தன! ஒலிக்குப் பயப்படும் ஞாபகத்துக்கு ஹிப்போகாம்பஸ் அவ்வளவாகத் தேவையில்லை, இடத்தின் ஞாபகத்துக்குத் தேவை. ஆக, எந்த ஞாபகம் அந்தத் தாளத்தை நம்பியிருந்ததோ அது மட்டும் போனது. அதோடு விடாமல், அதே அளவு நேரத்துக்கு ரெம் இல்லாத வேளையில் ஒளியைப் போட்டும் பார்த்தார்கள், ஞாபகம் கெடவில்லை. நான் படிப்பித்த காலத்தில் இந்தச் சோதனை இருந்திருந்தால் "கட்டுப்பாட்டுச் சோதனை" என்ற பாடத்துக்கு வேறு உதாரணமே தேடியிருக்கமாட்டேன்.

தாளம் ஏன் உதவுகிறது என்பதற்கும் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. ஊஞ்சலில் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் உயரப் போகும், எதிரே வரும்போது தள்ளினால் வேகம் குறையும். தீட்டா அலையின் உச்சியில் வருகிற தூண்டல் நரம்புக்கலங்களின் இணைப்பைப் பலப்படுத்தும், பள்ளத்தில் வருகிற தூண்டல் தளர்த்தும். 2000இல் ஜினா போ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எலிகளில் பார்த்தார்கள்: புதிதாகப் பழகிய இடத்துக்கான கலங்கள் ரெம் தூக்கத்தில் அலையின் உச்சியில் துடித்தன. சில நாள் போய் அந்த இடம் நன்றாகப் பழகியபின் அதே கலங்கள் பள்ளத்துக்கு மாறிவிட்டன. புதியதைப் பலப்படுத்தி, பழகிப்போனதை ஹிப்போகாம்பஸில் இருந்து மெல்ல விடுவிக்கிற மாதிரி. விடுவித்தால்தானே அடுத்த பாடத்துக்கு இடம்.

இதைக் கவ்வாத்தோடு சேர்த்துப் பாருங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டும்போது தோட்டம் தெரியாதவர்களுக்கு ஐயோ என்றிருக்கும், நமக்குத் தெரியும் அப்படி வெட்டினால்தான் நல்ல கொழுந்து வரும் என்று. 2017இல் நியூயோர்க்கில் வென்பியாவ் கானின் குழு சுண்டெலி மூளையில் இதற்குக் கிட்டிய ஒன்றை நேரடியாகவே பார்த்தது. புதிதாக ஒரு கைவேலை, கால்வேலை பழகியபின் நரம்புக்கலங்களில் சின்னச் சின்ன முளைகள் எழும்புகின்றன. ரெம் தூக்கம் அவற்றில் பலவற்றை வெட்டிவிடுகிறது, சிலவற்றை மட்டும் பலப்படுத்தி நிலைக்க வைக்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை அனுப்பக் கூடாது. மனிதரில் ரெம் இல்லாவிட்டால் ஞாபகமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இஸ்ரேலில் மூளைத்தண்டில் குண்டுச் சிதறல் பட்ட ஒருவருக்கு ரெம் தூக்கம் அநேகமாக இல்லாமலே போனது, ஆனால் அவர் சட்டம் படித்து முடித்தார், 1984இல் இது மருத்துவ இலக்கியத்தில் பதிவானது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ரெம்மை வெகுவாகக் குறைக்கும், அவற்றைப் பல மாதம் எடுப்பவர்கள் எல்லாரும் ஞாபகமறதிக்காரர் ஆகிவிடுவதில்லை. (அந்த மாத்திரை எடுப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், டொக்டரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.) சுண்டெலியின் இட ஞாபகத்துக்குத் தீட்டா வேண்டும் என்பது நிரூபணமானது. அதிலிருந்து நம்முடைய இரசாயனவியல் சமன்பாடு வரைக்கும் நேர்கோடு போட முடியாது. முழுத் தூக்கத்தில் ஒரு முக்கியமான பங்காளி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யூடியூப். நான் மேலே சொன்ன தாளம் மூளைக்கு உள்ளே மீடியல் செப்டத்தில் இருந்து வருவது, அதுவும் ரெம் தூக்கத்தின்போது தானாக. காதில் விழும் சத்தம் அந்தக் கலங்களை அந்த நேரத்தில் அப்படி நடத்தும் என்று அந்த வீடியோக்கள் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. நட்டம் மட்டும் நிச்சயம்: நடுவில் விளம்பரம் வந்து எழுப்பும், கம்பி கழுத்தில் சுற்றும், டேட்டா போகும், போன் கைக்கெட்டும் இடத்திலேயே கிடக்கும். போனை வெளியே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் படுங்கள். அந்த எட்டு மணி நேரத்தைத் தூங்கினாலே மூளை தன் தீட்டாவைத் தானே ஓட்டிக்கொள்ளும்.

காமன் கூத்துக்குத் தப்படிக்கப் பழகுகிறேன். மாமா சொல்லிக்கொடுத்த ஒரு அடி ராத்திரி எவ்வளவு முயன்றும் கைக்கு வரவில்லை, வெறுத்துப்போய்ப் படுத்துவிட்டேன். காலையில் எடுத்தால் கை தானாக விழுகிறது. இது எப்படி? (இளைஞர், மஸ்கெலியா)

உங்கள் கைக்குப் பாடம் நடத்தியது தூக்கம்தான் தம்பி. 2002இல் அமெரிக்காவில் மத்தியூ வோக்கரும் கூட்டாளிகளும் ஆட்களுக்கு ஒரு விரல்தட்டு வரிசையைப் பழக்கினார்கள். பகல் முழுக்க விழித்திருந்தவர்களுக்கு முன்னேற்றம் பெரிதாக இல்லை, இரவு தூங்கி எழும்பியவர்களின் வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது, பிழையும் கூடவில்லை. இந்த இடத்தில் ரெம்மைப் புகழ்ந்துவிடக் கூடாது, அந்த முன்னேற்றத்தோடு ஒத்துப்போனது ரெம் அல்லாத இரண்டாம் நிலைத் தூக்கம். அதில் வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை துடிக்கிற குட்டித் துடிப்புக் கூட்டங்கள் வரும், நூல் கதிர் மாதிரி நடுவில் பருத்து இருபக்கமும் மெலிந்திருப்பதால் கதிர் அலைகள் என்று சொல்லலாம். ஆனால் பாருங்கள், அங்கேயும் கணக்கில் வந்தது இரவின் கடைசிப் பகுதிதான். தலவாக்கலை அக்காவுக்குச் சொன்னதே உங்களுக்கும், விடியற்காலைத் தூக்கத்தை வெட்டாதீர்கள்.

மாசியில் கூத்து நடக்கிற இரவு விடிய விடிய விழிப்பீர்கள், அது வேறு, அன்றைக்கு அப்படித்தான். பழகுகிற நாட்களில் ஒன்று செய்யுங்கள்: புதிய அடியை மாலையில், சரியாக விழும் வேகத்தில், பிழையில்லாமல் சில தடவை அடித்துவிட்டுப் படுங்கள். பிழையோடு நூறு தடவை அடித்துவிட்டுப் படுக்க வேண்டாம்.

அப்பா தினமும் சாராயம் குடித்துவிட்டுப் படுக்கிறார், குடித்தால்தான் நல்ல தூக்கம் என்கிறார். உண்மையா? (வாசகி, பதுளை)

சீக்கிரம் உறங்கவைக்கும், அவ்வளவுதான் உண்மை. இரவின் முதல் பாதியில் ரெம் தூக்கத்தை அமுக்கிவிடும், போதை இறங்கும்போது இரண்டாம் பாதியில் தூக்கம் துண்டு துண்டாக உடையும். இரண்டு மணிக்கு எழும்பித் தண்ணீர் தேடுகிறாரா என்று கவனித்துப் பாருங்கள். பல வருடமாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் நிறுத்த மனம் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். சண்டை போடாமல் கூட்டிப் போங்கள் மகள்.

கணவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு எழும்பிவிடுகிறார், மறதி கூடிவிட்டது. பகலில் தூங்கினால் கணக்கில்லை என்கிறார். (நோர்வூட்)

பகல் தூக்கமும் கணக்குத்தான், அதிலும் ஆழ்ந்த தூக்கம் வரும், ரெம்மும் வரும். சொல்லப்போனால் நம் உடம்புக் கடிகாரப்படி விடியற்காலையும் காலையும் ரெம் எளிதாக வருகிற நேரம், வேலை விட்டு வந்ததும் படுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வந்தவுடன் தேத்தண்ணி குடிக்காமல், மலைப்பக்க வெயில் மூஞ்சியில் அடிக்காமல் சன்னலுக்கு ஒரு தடித்த சாக்கோ போர்வையோ கட்டிவிட்டு ஐந்து, ஆறு மணி நேரம் விடுங்கள். அது போதாவிட்டால் வேலைக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் ஒரு சுற்றுத் தூக்கம். ரோலர் இயந்திரம் ஓடுகிற இடத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பது கைக்கு ஆபத்து, மறதியைவிட எனக்கு அதுதான் பயம்.

டீச்சர், என் கணவருக்கு 62 வயது. ஒரு வருடமாக விடியற்காலையில் தூக்கத்தில் கத்துகிறார், காலால் உதைக்கிறார், போன கிழமை என் கன்னத்தில் குத்திவிட்டார். எழுப்பினால் யாரோ துரத்தியதாகக் கனவு என்கிறார். பேய் பிடித்திருக்கிறது, கயிறு கட்ட வேண்டும் என்கிறார்கள். (ஹப்புத்தளை)

அக்கா, இந்தக் கடிதத்துக்கு நான் தபாலிலும் பதில் போட்டுவிட்டேன், ஆனால் இதே நிலையில் வேறு யாரும் இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ரெம் தூக்கத்தில் கனவு ஓடும்போது, மூளைத்தண்டில் இருந்து ஒரு கட்டளை இறங்கி உடம்பின் தசைகளைத் தளர்த்திக் கட்டிப்போட்டுவிடும். கண்ணும் மூச்சும் மட்டும் ஓடும். அதனால்தான் கனவில் ஓடுகிற நாம் பாயில் அசையாமல் கிடக்கிறோம். மேலே சொன்ன ஷூவே, பூனைகளின் மூளைத்தண்டில் அந்தக் கட்டளை வரும் இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, பூனைகள் தூக்கத்திலேயே எழும்பி இல்லாத இரையைப் பாய்ந்து பிடித்தன. மனிதரிலும் அந்தக் கட்டு அவிழ்ந்துபோகும் நோய் இருக்கிறது என்று 1986இல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற மருத்துவர்கள் விவரித்தார்கள். பெரும்பாலும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கு வருகிறது, ரெம் கூடுதலாக வருகிற பின்னிரவில்தான் நடக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதும் விடியற்காலை என்றுதான். இது பேய் கிடையாது. உங்கள் கணவர் உங்களை அடிக்கவும் இல்லை, கனவில் துரத்தியவனை அடித்திருக்கிறார்.

ஆனால் சும்மா விடக்கூடாது. இந்த நோய் வந்தவர்களில் பலருக்குப் பல வருடம் கழித்துப் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் வருகிறது, அதனால் நரம்பியல் டொக்டர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பதுளையிலோ கண்டியிலோ பெரிய ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். மணம் நன்றாகத் தெரிகிறதா, கை நடுங்குகிறதா, நடை மெதுவாகிவிட்டதா, வேறென்ன மாத்திரை எடுக்கிறார் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகளாலும் இது வரும். ராத்திரியில் அவர் உதைக்கும்போது மகன் பக்கத்தில் இருந்தால் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டொக்டருக்கு அது நூறு விளக்கத்துக்குச் சமம். அதுவரை நீங்கள் தனியாகப் படுங்கள், கட்டிலில் படுக்கிறவர் என்றால் தரையில் பாய் விரித்துக் கொடுங்கள், கவ்வாத்துக் கத்தியைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதை இன்றைக்கே எடுத்து வெளியில் வைத்துவிடுங்கள்.